முற்றத்துக் கோழியும் மூலதனக் கோழியும்: கொழும்பின் இறைச்சிக்கோழி விலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆங்கிலேயராட்சிக் காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பினை எடுத்துக்காட்டுவதற்கே அது பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறைவரை நிறைவெய்திய பின்னர், எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் தலைநகருக்கு வந்து வெள்ளவத்தையிற் குடியமர்ந்த மத்தியதர வர்க்கத்தின் உளப்பாங்கு அப்பழமொழியிற் செறிந்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழமொழியின் முற்பாதி இன்றுவரை எவருடைய கவனத்தையும் ஈர்த்ததாகத் தெரியவில்லை. உழைப்புக்களுள் மிகக் கீழானதற்கு உதாரணமாகக் கோழி மேய்த்தல் கொள்ளப்பட்டது ஏன்?

விடை எளிது. கோழி வளர்ப்பு பெண்களுக்கும் சிறுவர்க்கும் உரிய வேலையாக இருந்தது. அதற்குக் கூலியில்லை, பெரும்பாலும் சந்தையுமில்லை. கூலியும் சந்தையும் இல்லாத உழைப்பு, உழைப்பாகவே மதிக்கப்படுவதில்லை. இன்று அதே கோழி, நாட்டின் மிகப் பெரிய இறைச்சித் தொழிலின் பண்டமாகியுள்ளது. கொட்டாஞ்சேனைத் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் வெள்ளவத்தை அடுக்குமாடி வீட்டாரின் குளிர்பெட்டியும் அதன் விலையேற்றத்தோடு பிணைக்கப்பட்டுள்ளன. விலை ஏறும்போதெல்லாம் கடைக்காரரைக் கொள்வனவாளர் குறைகூறுகின்றனர். கடைக்காரர் பண்ணையாளரைச் சுட்டுகின்றார். பண்ணையாளர் தீனி மூட்டையைக் காட்டுகின்றார். இவர்களுள் மூன்றாமவரின் விடையே உண்மைக்கு அண்மையானது என்பதையும், அவ்வுண்மை எவ்வாறு வரலாற்று அடிப்படையில் உருவாயிற்று என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முற்றமும் சிந்திய தானியமும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் வரும் காட்சியொன்று தமிழ் மாணாக்கர் யாவரும் அறிந்தது. காவிரிப்பூம்பட்டினத்து அகன்ற முற்றத்தில் உணவுத் தானியம் உலர்கின்றது. அதனைக் கொத்த வரும் கோழியை, காவலிருக்கும் மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றனர். உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் இதனைச் சோழநாட்டு வளத்தின் சான்றாகவே காட்டிவந்துள்ளனர். நாம் பொன்னை விடுத்துத் தானியத்தை நோக்குவோம். அம்முற்றத்திற் கோழிக்கென்று ஒதுக்கப்பட்ட உணவு எதுவுமில்லை. மனிதருக்குரியதைத் தின்ன வந்தால் அது விரட்டப்படும். சிந்தியதும் எஞ்சியதும் புழுபூச்சியுமே அதன் பங்கு. கோழிக்கும் மனிதருக்குமிடையே தானியம் பற்றிய முரண்பாடு ஒன்று அக்காட்சியில் உண்டு. ஆனால் அது ஒரு குழையை எறிவதோடு தீர்ந்துவிடும் அளவினது.

ஈழத்து ஊர்ப்புறங்களில் அண்மைக்காலம்வரை நிலவியதும் ஏறத்தாழ இதே முறையே. வளவுக்குள் மேயும் ஊர்க்கோழிக்குத் தவிடும் குறுணலும் சோற்றுப் பருக்கையும் போதுமானவை. குஞ்சு வாங்குவதில்லை, அடைக்கோழி 21 நாளிற் பொரித்துக் கொடுக்கும். கொட்டகைச் செலவில்லை, மரக்கிளையோ சிறு கூடோ போதும். நோயும் கீரியும் பருந்தும் கொண்டுபோனவை போக எஞ்சியவை, விருந்தினர் வரும்போது கறியாகும். பணமுடை வரும்போது சந்தைக்குச் செல்லும். அவ்விற்பனையிற் கிடைக்கும் சிறுதொகை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலேயே தங்கியது. குடும்பத் தலைவனின் கணக்குக்குட்படாத அவளது சொந்தப் பணம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

உற்பத்திச் செலவு பணவடிவில் இல்லாத இடத்தில் விலை செலவினால் நிர்ணயிக்கப்படுவதில்லை. ஊர்க்கோழிக்கு விலையுண்டு; அது வாங்குவோரின் தேவைக்கும் விற்போரின் இடுக்கணுக்கும் ஏற்ப அமைந்தது. நகரத்திற் கோழியிறைச்சி அரிய உணவாகவும், நத்தார், வருடப்பிறப்பு, திருமணம் ஆகிய நாட்களுக்குரியதாகவும் இருந்தமைக்குக் காரணம் இதுவே. இம்முறையில் உற்பத்தியைப் பெருக்க இயலாது. சிந்தும் தானியத்தின் அளவே கோழிகளின் தொகைக்கு எல்லையாகும்.

2. புண்ணாக்கின் காலம்

சுதந்திரத்தின் பின்னர் நகரங்களையும் அவற்றின் சுற்றுப்புறங்களையும் சார்ந்து கூட்டிலடைத்து வளர்க்கும் சிறு பண்ணைகள் தோன்றின. இவற்றின் முதன்மை நோக்கம் முட்டை, இறைச்சி துணைப்பொருள். முட்டையிட்டு ஓய்ந்த பேடும் மிகையான சேவலுமே கறிக்கு விற்கப்பட்டன.

இக்காலத் தீனியின் வரலாறு கவனத்துக்குரியது. புதுக்கடைப் பகுதியில் இயங்கிய பிரித்தானிய இலங்கைக் கூட்டுத்தாபனத்தின் எண்ணெயாலையும், சீதுவையில் நிறுவப்பட்ட அரசாங்க எண்ணெய், கொழுப்புக் கூட்டுத்தாபனமும் தேங்காய்ப் புண்ணாக்கினைத் தந்தன. பின்னையது விலங்குத் தீனி தயாரிப்பிலும் ஈடுபட்டது. நாட்டுத் தென்னையின் எச்சமும் நாட்டு நெல்லின் தவிடும் தீனியின் பெரும்பகுதியாக இருந்தமையால், இறக்குமதிச் செலவின் தாக்கம் வரையறைக்குட்பட்டே இருந்தது. 1973இல் தேசிய கால்நடை வளர்ப்புச் சபை அமைக்கப்பட்டது. கன்னொறுவையிலுள்ள மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையம் நோய்த்தடுப்பில் ஆற்றிய பணியும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஓரிரவிற் கூட்டையே வெறுமையாக்கவல்ல இராணிக்கேட் நோய்க்குத் தடுப்பூசி கிடைத்திராவிடின் கூட்டமாகக் கோழி வளர்த்தல் என்பதே சாத்தியமாகியிராது.

இக்கட்டத்தை நாம் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. உற்பத்தி குறைவு, இறைச்சி அருமை, 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் மனிதருக்கே தானியம் போதாதபோது கோழிக்குக் கிடைப்பது கேள்விக்குரியதாயிற்று. எனினும் உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிய ஓர் உண்மையை மறத்தலாகாது. கோழியும் கூடும் பண்ணையாளருடையவை; தீனியின் ஒரு பகுதி அரசுடையது; விற்கும் விலையை அவரே பேசினார்.

3. காலத்தைச் சுருக்கிய கோழி

இக்கட்டத்திற் சற்று அப்பாற் சென்று இறைச்சிக்கோழி என்ற பண்டத்தின் பிறப்பை நோக்குதல் அவசியமாகின்றது. மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பண்ணையாளரான பேக்வெல் என்பாரை எடுத்துக்காட்டுகின்றார். தெரிவுமுறை இனவிருத்தியினால் ஆட்டின் எலும்பைச் சிறுக்கச் செய்து, பல ஆண்டுகளில் வளரவேண்டியதை ஓராண்டளவில் விற்பனைக்குத் தயாராக்கினார் அவர். மூலதனம் சுற்றிவரும் காலத்தைக் குறைப்பதற்காக விலங்கின் உடலே மாற்றியமைக்கப்படுவதை மார்க்ஸ் அங்கு கண்டார்.

அத்தருக்கத்தின் முழுநிறைவே இன்றைய இறைச்சிக்கோழி. 1923இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் திருமதி ஸ்டீல் என்பார் 50 குஞ்சுகளுக்கு விண்ணப்பிக்க 500 குஞ்சுகள் வந்துசேர, அவற்றை இறைச்சிக்கென்றே வளர்த்து விற்றமை இத்தொழிலின் தொடக்கமாகக் கூறப்படுகின்றது. ஏறத்தாழ நான்கு மாதத்தில் இரண்டு இறாத்தலளவே தேறிய கோழிகள் அவை. 1948இல் அங்கு நிறைவுற்ற “நாளைய கோழி” போட்டியை நடத்துவதற்குப் பொருளுதவி செய்தது ஒரு பெரும் சில்லறை வணிக நிறுவனம் என்பது கருதத்தக்கது. அகன்ற நெஞ்சும் விரைந்த வளர்ச்சியும் வணிகர் விதித்த இலக்கணங்கள். இன்று 35 முதல் 42 நாட்களில் ஒரு கோழி இரண்டு கிலோ எடையை எட்டுகின்றது. இந்த இனங்களின் மூலக் கூட்டங்கள் உலகிற் சில நிறுவனங்களின் உடைமையாகும். பண்ணையாளர் தம் கோழியிலிருந்து அடுத்த தலைமுறையைப் பெறமுடியாது. ஒவ்வொரு முறையும் ஒருநாட் குஞ்சை விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். அடைக்கோழி உற்பத்திச் சாதனமாக இருந்த காலம் இவ்வாறு முடிவுற்றது.

4. 1977இன் பின்னர்

1977இல் ஆட்சிமாற்றத்தோடு திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டுச் சற்றுச் செழித்திருந்த வடபகுதி விவசாயி இறக்குமதியால் வீழ்ந்தமை பற்றிப் பலர் எழுதியுள்ளனர். கோழி வளர்ப்பில் நேர்ந்தது வேறுவகையான மாற்றம். இங்கு தொழில் அழியவில்லை, பன்மடங்கு பெருகிற்று. பெருகிய தொழில் யாருடையது என்பதே வினா.

1975இல் பைறஹா பண்ணை நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. 1977இல் அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரைச் சேர்ந்த பிரீமா நிறுவனத்தின் திருகோணமலைக் கோதுமை ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது. அரைக்கப்பட்ட மாவு அரசுக்குச் செல்ல, தவிடு ஆலையின் உரிமையாகும் வகையில் அந்த ஏற்பாடு அமைந்தது. ஊர்ப்பெண் உரலடியிற் கூட்டியள்ளிக் கோழிக்கு வீசிய தவிடு, இங்கு பன்னாட்டு மூலதனத்தின் அரைவைக் கூலியாயிற்று. 1982இல் அதே குழுமத்தின் சிலோன் கிரெயின் எலிவேற்றர்ஸ் கம்பனி நிறுவப்பட்டு, கொழும்பிலே பெருமளவிலான தீனி உற்பத்தியில் ஈடுபட்டது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, துறைமுகத்தை ஒட்டிய கொழும்பு 15 பகுதி அதன் தளமாகும். கப்பலில் வரும் தானியம் தீனியாகி, கம்பஹா, குருநாகல், புத்தளம் மாவட்டங்களின் பண்ணைகளுக்குச் சென்று, இறைச்சியாகி மீண்டும் அதே கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு வருகின்றது. இவ்வட்டத்தின் இரு முனைகளும் ஒரே நகரில் இருக்கின்றன. ஆனால் விலையைப் பற்றி முறையிடும் மக்கள் ஒரு முனையை மட்டுமே காண்கின்றனர்.

1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் இதே கம்பஹா மாவட்டத்திலே தொடங்கியமையும் தற்செயலெனத் தள்ளத்தக்கதன்று. மலிவான மாப்பண்டமும் மலிவான கோழியும் நகர உழைப்பாளரின் உணவுச் செலவைத் தாழ்த்துவன. உணவுச் செலவு தாழ்ந்தால் கூலியையும் தாழ்த்தி வைக்கலாம். ஆட்டிறைச்சியும் பெரிய மீனும் எட்டாத வீடுகளுக்குக் கோழி எட்டிற்று என்பது மெய்யான முன்னேற்றம். அதனை மறுப்பது நேர்மையாகாது. அம்மலிவின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்று கேட்பதும் அதேயளவு நேர்மையான கடமையாகும்.

5. ஒரு கிலோவின் கணக்கு

இனி விலையின் உள்ளமைப்பை நோக்குவோம். பண்ணைகளிற் பொதுவாகக் காணப்படும் அளவுகளைக் கொண்டு கணிப்போம். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கோழியை உருவாக்க ஏறத்தாழ 3.4 கிலோ தீனி வேண்டும். இறகு, குடல், தலை, கால் நீங்க எஞ்சும் இறைச்சி 1.45 கிலோ அளவாகும். எனவே கடையில் தொங்கும் ஒவ்வொரு கிலோ இறைச்சிக்குள்ளும் 2.3 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தீனி அடங்கியுள்ளது. தீனி கிலோவுக்கு 10 ரூபா ஏறினால், வேறெதுவும் மாறாதபோதும் இறைச்சியின் அடக்கவிலை 23 ரூபா ஏறும். தீனியிற் பாதியளவு சோளம் எனக் கொண்டால், சோளத்தின் 10 ரூபா ஏற்றம் இறைச்சியில் 12 ரூபாவாகும். மற்றொரு பெருங்கூறு சோயா. அது முற்றிலும் கப்பலை நம்பியது எனலாம்.

அடுத்தது குஞ்சு. 100 குஞ்சுகளில் 5 இறப்பின் 95 கோழிகளிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 138 கிலோ இறைச்சி. குஞ்சொன்று 100 ரூபா ஏறினால் கிலோவுக்கு 72 ரூபா கூடும். மொத்த உற்பத்திச் செலவில் தீனி மட்டும் 60 முதல் 70 சதவீதம்வரை பிடிக்கின்றது, குஞ்சு அதற்கடுத்தது. மருந்து, உமி, முதலிரு வாரங்களுக்கான வெப்பம், மின்சாரம், கொட்டகைத் தேய்மானம் ஆகியவை போக எஞ்சும் சிறு கூறே வளர்ப்பவரின் உழைப்புக்குரியது.

காலமும் விலையின் ஒரு கூறே. நத்தாருக்குக் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரின் தேவை ஏறுகின்றது, தவக்காலத்தில் இறங்குகின்றது. வெள்ளவத்தையிற் புரட்டாசிச் சனியும் கந்தசஷ்டியும் தம் பங்குக்கு வாங்குவோர் தொகையைக் குறைக்கின்றன. டிசம்பர் 20இல் வெட்டப்படவேண்டிய கோழி, நவம்பர் முதல் வாரத்திற் குஞ்சாகக் கொட்டகைக்கு வரவேண்டும். அக்குஞ்சுக்குரிய முட்டை அக்டோபர் நடுப்பகுதியிற் பொரிப்பகத்தில் வைக்கப்படல் வேண்டும். அம்முட்டையிடும் தாய்க்கோழியோ ஏறத்தாழ ஆறு மாதம் முன்னரே வளர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆகவே சந்தைக்கு எத்தனை கோழி வரும் என்பதைத் தீர்மானிப்பவர், தாய்க்கோழிக் கூட்டத்தையும் பொரிப்பகத்தையும் உடையவரேயாவர். பண்ணையாளர் விலை ஏறியபின் குஞ்சு வாங்க விரைகின்றார். ஆறு வாரம் கழித்து எல்லோருடைய கோழியும் ஒருசேர வர, விலை சரிகின்றது. உயர்ந்த விலைக்குக் குஞ்சு வாங்கித் தாழ்ந்த விலைக்குக் கோழி விற்பது சிறு பண்ணையாளரின் விதியாகிவிடுகின்றது.

6. உடைமையாளன் வடிவில் ஒரு கூலியாள்

இவ்வபாயத்திலிருந்து தப்பும் வழியாகவே ஒப்பந்த முறை முன்வைக்கப்பட்டது. இதன்படி நிறுவனம் குஞ்சு, தீனி, மருந்து ஆகியவற்றை வழங்கும். வளர்ந்த கோழியைத் தானே மீளப்பெறும். நிலம், கொட்டகை, நீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை பண்ணையாளருடையவை. அவருக்குக் கிடைப்பது உயிரெடைக்கேற்ற வளர்ப்புக்கூலி. தீனியைச் சிக்கனமாக எடையாக்கியோர்க்கு ஊக்கத்தொகை.

இம்முறை சந்தை விலையின் வீழ்ச்சியிலிருந்து பண்ணையாளரை ஒருவாறு காப்பது உண்மையே. ஆனால் அவரது சமூகநிலை யாது? கொட்டகைக்கு வங்கிக் கடன் அவர் பெயரில். ஆகவே அவர் உடைமையாளர். கோழியோ தீனியோ அவருடையதன்று. எப்போது குஞ்சு வரும், எப்போது கோழி போகும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. ஆகவே அவர் துண்டுக்கூலித் தொழிலாளி. ஐரோப்பாவில் வணிகன் நூலைக் கொடுத்து நெசவாளியின் குடிசையிலிருந்து துணியை எடுத்துச்சென்ற முறையை இது ஒத்தது. வேறுபாடு யாதெனில், அந்நெசவாளி தறிக்காக வங்கியிடம் வீட்டை ஈடுவைத்திருக்கவில்லை. ஆலைத் தொழிலாளி கொட்டகைக்கு வட்டி கட்டுவதில்லை. அவனுக்கு எட்டு மணி நேரமும் தொழிற்சங்கமும் உண்டு. ஒப்பந்தப் பண்ணையாளரின் மனைவியும் பிள்ளைகளும் நள்ளிரவில் எழுந்து குஞ்சுகளின் சூட்டைப் பார்ப்பது எந்தக் கூலிப்பட்டியலிலும் வருவதில்லை. சிறுபண்ணை நிலைத்து நிற்பது அதன் திறத்தினாலன்று, தன்னைத்தானே மிகையாக உழைப்பித்து அரைவயிறு உண்பதனாலேயே என 1899இல் வெளிவந்த விவசாயப் பிரச்சினை பற்றிய நூலிற் காவுட்ஸ்கி காட்டியது இங்கு முற்றும் பொருந்தும். முற்றத்துக் கோழியின் காலத்திற் கூலியற்றிருந்த பெண்ணின் உழைப்பு இன்றும் கூலியற்றே இருக்கின்றது. அன்று அவள் கையிற் சேர்ந்த சிறுதொகையும் இன்று இல்லை.

7. நெருக்கடி வெளிப்படுத்தியவை

2021 முதல் 2023 வரையான நெருக்கடி இவ்வமைப்பின் ஒவ்வொரு கண்ணியையும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகத்துக்குக் காலம் கடந்திருந்தது. அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் சோள விளைச்சல் சரிந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்க உலகத் தானிய விலை ஏறியது. அதே ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயமதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. குஞ்சுகளைச் சூடாக்க எரிவாயுவும் இல்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. ஒரு கிலோ கோழியிறைச்சி ஆயிரம் ரூபாவைத் தாண்டியதில் வியப்பில்லை. சிறு பண்ணையாளர் பலர் கொட்டகைகளை வெறுமையாக விட்டனர். பட்டினப்பாலை மகளிர் குழையெறிந்து தீர்த்த முரண்பாடு, மனிதருக்கும் கோழிக்கும் தானியம் பகிர்வது எவ்வாறு என்ற தேசியப் பிரச்சினையாக மீண்டும் எழுந்தது.

அரசு கையாண்ட வழி யாது? முட்டையின் அனுபவமே தக்க சான்று. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் பழுப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச சில்லறை விலையாக விதிக்கப்பட்டன. தீனிக்கு உச்சவிலை இல்லை. அடக்கவிலைக்குக் கீழே விற்கவேண்டிய பண்ணையாளர் முட்டைக் கோழிகளை இறைச்சிக்கு அனுப்பினர். முட்டை கடைகளில் அருகியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. 1950ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாட்டுச் சட்டந்தொட்டு அதற்குப் பதிலாக வந்த 2003ஆம் ஆண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்வரை ஒரு போக்குத் தெளிவாகத் தெரிகின்றது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் கடைக்காரரைப் பரிசோதகர் சென்று பிடிப்பது எளிது. தீனியாலையின் கணக்கேட்டை விரித்துப் பார்ப்பது கடினம். ஆகவே கட்டுப்பாடு எளிதான இடத்தையே நாடுகின்றது.

நெருக்கடியின் சுமை வாங்குவோரிடையேயும் சமமாகப் பகிரப்படவில்லை. வெள்ளவத்தைக் காலி வீதியின் நவீன அங்காடியில் தோல் நீக்கிய நெஞ்சுத் துண்டை வாங்கக்கூடியவர் தொடர்ந்து வாங்கினார். நாட்கூலியை நம்பிய வீட்டில் முழுக்கோழி அரைக்கோழியாகி, பின்னர் கழுத்தும் ஈரலுமாகியது. ஒரே கோழியின் உடல் வர்க்கங்களுக்கேற்ப வெட்டிப் பங்கிடப்படுவதை இறைச்சிக்கடையின் பலகையில் எவரும் காணலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபுகள் சில. கோழியிறைச்சியின் விலை கடையிற் பிறப்பதன்று. தீனியும் குஞ்சும் யாருடைய உடைமை என்பதிலிருந்து பிறப்பது. முற்றத்திலிருந்து கொட்டகைக்கு வந்த நெடிய பாதையில் உற்பத்திச் சக்திகள் வளர்ந்தன. அவ்வளர்ச்சியினால் ஏழை வீட்டுக்கும் இறைச்சி கிடைத்தது. அதே பாதையில் வளர்ப்பவர் தம் உற்பத்திச் சாதனங்களை ஒவ்வொன்றாக இழந்தார்: முதலிற் குஞ்சை, பின்னர் தீனியை, இறுதியில் விலை பேசும் உரிமையை. ஊர்க்கோழிக்குத் திரும்புவோம் என்று கூறுவது கற்பனாவாதம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குச் சிந்திய தானியத்தால் இறைச்சி ஊட்ட முடியாது. வேண்டுவன வேறு. தீனி, குஞ்சு ஆகியவற்றின் அடக்கவிலை பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். சோளம் விளைவிப்போரும் கோழி வளர்ப்போரும் கூட்டுறவு அடிப்படையில் தீனியாலைகளை உடைமையாகக் கொள்ளுதல் வேண்டும். ஒப்பந்தப் பண்ணையாளர் தனித்தனியே கையொப்பமிடாது சங்கமாக நின்று கூலி பேசும் உரிமை சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். உச்சவிலை விதிப்பதாயின் அது தீனி மூட்டையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

கோறணமேந்தில் மேய்த்தாலென்ன, கம்பனியில் மேய்த்தாலென்ன, மேய்ப்பவரின் உழைப்பு விலையின் கணக்கில் ஏறாதவரை கொட்டாஞ்சேனை மக்கள் கொடுக்கும் விலையும் நியாயமாகாது. குருநாகல் பண்ணையாளர் பெறும் விலையும் நியாயமாகாது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் குறைகூறுவதை விடுத்துத் தமக்கிடையே நிற்பவரின் கணக்கைக் கேட்கத் தொடங்குவதே முதற்படியாகும்.